பதினான்கு மூடிகள்

போன வாரம் கடையில் நான் போட்ட சத்தத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் ஒருவரை அத்தனை பேர் முன்னால் அப்படித் திட்டியிருக்கக் கூடாது. ஒரு வீட்டில் மின்சார வெந்நீர்ப் பெட்டியில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் போய், சொட்டிய துவாரத்தைக் கெட்டியாக அடைத்துவிட்டு வந்திருக்கிறார். அழுத்தம் ஏறினால் வெளியே போகட்டும் என்று செய்தவன் விட்ட துவாரம் அது. வீட்டுக்கார அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கெட்டிக்காரன் என்று சொல்லி, ஒரு பொட்டலம் முறுக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அடைத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த முறுக்கைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மாதிரி முறுக்கை நானும் ஒரு காலத்தில் வாங்கித் தின்றிருக்கிறேன்.

வேலையை விட்டு ஓய்ந்த கிழவன் கடைக்கு வந்து ஏன் கத்துகிறான் என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கண்தான் மங்கியிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது. ஏன் கத்தினேன் என்பதை எழுதித் தருகிறேன். படித்துவிட்டு நீங்களும் என்னைத் திட்டலாம், எனக்கு அது வேண்டியதுதான்.

நீங்கள் ஸ்விட்சைத் தட்டுகிறீர்கள். என் காலத்தில் பாய்லர் என்றால் செம்பில் செய்த உருளை, இடுப்பு உயரம் நிற்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் போகும். அந்தக் குழாய்க்குள் கரியைப் போட்டு எரித்தால் சுற்றி நிற்கிற தண்ணீர் சுடும். அடியில் காற்று ஏறவும் சாம்பல் விழவும் ஒரு கண் உண்டு. அவ்வளவுதான் இயந்திரம். அதைச் செய்வது, உள்ளே ஈயம் பூசுவது, மதுரைக் கிணற்றுத் தண்ணீர் உள்ளே வளர்த்துவிடுகிற சுண்ணாம்புப் பாறையைப் புளியைக் கரைத்து ஊற்றிக் கழற்றுவது, இவைதான் எங்கள் தொழில். காஜிமார் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் என் பட்டறை இருந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு வசதி கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது. பழைய பாய்லரில் திருகுகுழாய் கிடையாது. மேலே ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். ஒரு வக்கீல் வீட்டில், ஊற்றி ஊற்றிக் கை வலிக்கிறது, அடியில் ஒரு குழாய் வைத்துக் கொடு என்றார்கள். அடி என்றால் அடியிலேயே வைத்துக் கொடுத்தேன். தீபாவளியன்று வீட்டில் ஏழெட்டுப் பேரும் வரிசையாகக் குளித்து, இருந்த தண்ணீர் முழுவதையும் பிடித்துவிட்டார்கள். உள்ளே தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பற்றுவைத்த ஈயம் உருகி, பாய்லர் பூப்போல விரிந்து உட்கார்ந்துவிட்டது. வக்கீல் தலை நிறைய எண்ணெயோடு என் பட்டறை வாசலில் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நின்றார், அவ்வளவுதான். அதிலிருந்து என்ன ஆனாலும் ஒரு சாண் தண்ணீர் உள்ளே நிற்கிற மாதிரிதான் குழாயை வைப்பேன்.

அதில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்ததைச் சிரிக்காமல் கேளுங்கள்.

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களையெல்லாம் கரியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் பீரோ மாதிரி ஓர் உருளையைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். கரி அத்தனையும் பஸ்ஸுக்கே போனதால் வீட்டுக்குக் கரி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. மேலூர் பஸ் ஒன்றின் உருளையில் விரிசல் விழுந்து, பற்றுவைத்துத் தர என்னைக் கூப்பிட்டார்கள். அந்த டிரைவர் நல்ல மனுஷன், பேசிக்கொண்டே இருப்பான். கரியைத் தாராளமாகக் காற்று விட்டு எரியவிட்டால் ஒன்றும் வராது, மூடி போட்டுக் காற்றைக் குறைத்து அவியவிட்டால்தான் வாயு வரும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். அன்றைக்கு அவனுடைய கிளீனர் பஸ் நிலையத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்திருந்தான். முகம் சிவந்து கிடந்தது, இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டான். என்ன காய்ச்சலா என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்ல பாய். கேஸைக் குடிச்சுட்டான். அதுக்கு மணமும் கெடயாது, பொகையும் கெடயாது. சும்மா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். காத்தாட இழுத்துப் போடலைன்னா ஆள் எந்திரிக்க மாட்டான்" என்றான் டிரைவர்.

நான் பாவம் என்று சொன்னேன். வீட்டுக்கு வரும்போது என் மனதில் நின்றது அந்தக் கிளீனர் இல்லை. மூடி போட்டுக் காற்றைக் குறைத்தால் கரி நெடுநேரம் நிற்கும் என்கிற பாதி மட்டும்தான் நின்றது. நமக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்வதற்கென்றே ஆண்டவன் இரண்டு காதைப் படைத்திருக்கிறான் போல.

அடுத்த வாரமே நடுக்குழாயின் வாய்க்குக் கச்சிதமாக ஒரு செம்பு மூடி செய்தேன். பிடிக்க ஒரு மரக்குமிழ், ஓரத்தில் ஒரு சிறிய வெட்டு. கரி கனிந்ததும் மூடியைப் போட்டுவிட்டால் தீ மெதுவாக அவிந்துகொண்டே இருக்கும். காலையில் போட்ட கரிக்கு மத்தியானம் வரை வெந்நீர் கொதிக்கும். பாதிக் கரி மிச்சம், புகை துளிகூட இல்லை. கரிக்கு அலைந்துகொண்டிருந்த வீடுகளில் என்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். பதினான்கு வீடுகளுக்கு மூடி செய்து கொடுத்தேன். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதில் ஒரு வீடு தெற்கு மாசி வீதிப் பக்கம் இருந்தது. அரிசி மண்டிக்காரர் வீடு. அந்த வீட்டம்மாள் பெயர் சிவகாமி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கறாரான பேச்சு, கலங்காத கண். கரண்டி தேய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய மகள் கோமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மார்கழி மாதம். பிள்ளை பெற்றவள் அறையில் குளிர் தெரியாமலிருக்கக் கங்குச்சட்டி வைப்பது வழக்கம், ஆனால் அந்தப் புகை குழந்தையின் கண்ணில் படும். சிவகாமி அக்கா யோசித்தார். உங்கள் மூடி போட்ட பாய்லரில்தான் புகையே இல்லையே, அதையே அறைக்குள் வைத்துவிட்டால் அறைக்குச் சூட்டுக்குச் சூடும் ஆச்சு, தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீருக்கு வெந்நீரும் ஆச்சு என்றார். எனக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்தது. பிரசவத்துக்கு முன்னால் நானே பாய்லரைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அறையின் மூலையில் வைத்து, மட்டம் பார்த்து, மூடியையும் பளபளவென்று துடைத்துவிட்டு வந்தேன். பெண் குழந்தை பிறந்தது. எனக்கும் சர்க்கரை அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில், குழாய் சொட்டுகிறது, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்று ஆள் வந்தது. போனேன். பிள்ளை பெற்றவள் அறைக்குள் ஆண்பிள்ளை போகக் கூடாது, அதிலும் நான் வெளியாள். பின்பக்கம் முற்றத்தில் நிற்க வைத்தே சிவகாமி அக்கா பேசினார். தீட்டுக் கழியட்டும், பிறகு வந்து சரிசெய்யுங்கள், சொட்டுகிறதே அதுவரை தாங்குமா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். பேசும்போதே ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது பாய். ஊதக்காத்து அடிக்குதேன்னு நாலு நாளைக்கு முன்ன சன்னலைச் சாத்தி, சந்துலயெல்லாம் பழைய சேலையக் கிழிச்சு அடச்சேன். அப்பருந்து இப்படித்தான். உள்ள போய் உக்காந்தாலே கண்ணைச் சொருகுது. மருத்துவச்சியும் உக்காந்தவாக்குலயே தூங்கிப் போறா."

கோமதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன, மொகமெல்லாம் செவந்து நல்லாத்தான் இருக்கா. இன்னைக்குக் காலைல இருந்து எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்கிறா. அம்புட்டு அசதி. பிள்ளையும் தங்கமான பிள்ளை பாய், அழவே மாட்டேங்குது."

எனக்கு அந்த வேப்பமரத்தடி கண்முன் வந்து நின்றது. அழாத பிள்ளையைத் தங்கமான பிள்ளை என்று அந்த அம்மாள் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளே மூன்று பேர். மூடியைச் செய்தவன் நான், துடைத்து வைத்தவனும் நான்.

சன்னலைத் திறங்கள் அக்கா, காற்று வரட்டும் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய தங்கை அதே அறையில் பிள்ளை பெற்று, காற்றுப் பட்டு ஜன்னி கண்டு மூன்றாம் நாள் செத்துப்போனாள் என்றார். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றைக் காட்டச் சொல்கிறீர்களே, உங்களுக்குப் பாய்லரைப் பற்றித்தானே தெரியும், அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. கண்ணால் பார்த்த சாவை வைத்துக்கொண்டு அவர் பேசினார். கண்ணுக்கே தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் பேசினேன். மணமில்லாத, புகையில்லாத, நிறமில்லாத ஒரு வாயு மகளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று நான் விளக்கி, அதை அவர் நம்பி, மண்டிக்காரரைக் கேட்டு, அதன்பிறகு கதவு திறப்பதற்குள் என்ன ஆகுமோ. பாய்லரைப் பற்றித்தானே தெரியும் என்று அவர் சொன்னதுதான் எனக்கு வழியைக் காட்டியது.

"அக்கா, குழாய் சொட்டுதுன்னா உள்ள ஆவி முட்டிருச்சு. இப்ப வெடிக்கப் போகுது. பிள்ளையத் தூக்குங்க" என்றேன்.

பச்சைப் பொய். அந்தப் பாய்லர் வெடிக்கவே வெடிக்காது, மேலே தண்ணீர் ஊற்றுகிற வாய் திறந்தேதான் இருந்தது. ஆனால் வெடிக்கும் என்ற ஒரு சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சிவகாமி அக்கா உள்ளே பாய்ந்து குழந்தையை எடுத்துவந்து முற்றத்தில் வெயிலில் கிடத்தினார். திரும்ப ஓடி, தூங்கிக்கொண்டிருந்த மருத்துவச்சியை உதைக்காத குறையாக எழுப்பினார். இருவராலும் கோமதியைத் தூக்க முடியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாயின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தேன். ஆண்பிள்ளை வரலாமா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மறுபடி உள்ளே போய்ச் சன்னலை உதைத்துத் திறந்தேன். மூடியை எடுத்து எறிந்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரை அப்படியே நடுக்குழாய்க்குள் கவிழ்த்தேன். புஸ்ஸென்று சாம்பலும் ஆவியுமாகக் கூரை வரை ஏறியது. சூட்டில் தண்ணீர் பட்டுச் செம்பு படாரென்று விரிந்தது. தெருவே ஓடிவந்துவிட்டது. நான் செய்ததிலேயே அழகான பாய்லர் அதுதான். போகட்டும்.

முற்றத்தில் கோமதி அசையவில்லை. சிவகாமி அக்கா அவளுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மார்கழிக் காற்று நன்றாக வீசியது, அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் சுவரோரம் நின்றேன். யா அல்லா, என் கையால் செய்த பொருளால் இந்தப் பிள்ளைகள் போய்விடக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் குழந்தைதான் சிணுங்கியது. பிறகு வாயை அகலமாகத் திறந்து வீறிட்டது. அந்தச் சத்தத்துக்குக் கோமதி கண்ணைத் திறந்து, ஒரு பக்கமாகச் சரிந்து வாந்தி எடுத்தாள். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். ஆனால் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது.

மண்டிக்காரர் கடையிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெடிக்கிற பாய்லருக்குள் கையை விட்டு மூன்று உயிரைக் காப்பாற்றினார் என்று தெருவெல்லாம் பேச்சு. சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தபோது கோமதி எழுந்து உட்கார்ந்திருந்தாள், பலவீனம் என்று மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு துணியில் முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் அவ்வளவு அன்பாகப் பார்த்தார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முறுக்கை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பட்டறை வாசலில் பாய்லர்கள் வரிசையாக நின்றன. குழாய் சொட்டினால் வெடித்துவிடும், உடனே பாய் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சிவகாமி அக்கா ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். சொட்டாத குழாயைக்கூடக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவர்கூட மூடியைக் கொண்டுவரவில்லை. என் பொய் எனக்கே வேலையாக வந்து குவிந்தது. இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், மண்டிக்காரர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஒரு துணி வியாபாரி வந்தார். அவர் வீட்டுக் குழாய் சொட்டவே இல்லையாம், அதனால் பயமில்லாமல் குளிக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூடி போட்டுத்தான் வைத்திருக்கிறார்களாம். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வந்தாராம். மூடியை எடுத்துவிடுங்கள், ஆபத்து அதில்தான் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். கரி மிச்சமாகிறது என்று விற்றவரே எடுக்கச் சொன்னால் எப்படி, சிவகாமி அக்கா குழாய் என்றுதானே சொன்னார் என்றார். சொல்லிவிட்டு, அரை மூட்டை கரி வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. என் பொய் ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டு, பாக்கிப் பதின்மூன்று வீட்டுக் கதவையும் சாத்திவிட்டது. இனி என் வாயால் திறக்காது.

பட்டறையை அப்படியே போட்டுவிட்டு மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். சிவகாமி அக்கா பின்வாசலில் இளவெயிலில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். பாய்லர் வெடிக்கவிருந்தது பொய். கரியை அவியவைத்த மூடிதான் உங்கள் மகளைப் படுக்கப்போட்டது, அதைச் செய்தவன் நான், அதைப் பற்றி ஒருவன் எனக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் குழந்தையின் காலை நீவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நெசத்தச் சொன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன்னு நெனச்சீங்க."

"ஆமாக்கா."

"தொறந்திருக்க மாட்டேன்தான்" என்றார்.

பிறகு, இன்றைக்கு மட்டும் எதை நம்பச் சொல்கிறீர்கள், அன்று சொன்னதையா இன்று சொல்வதையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. உங்கள் தலைவலி எப்போது விட்டது அக்கா என்று மட்டும் கேட்டேன். அவருடைய கை தானாக நெற்றிக்குப் போயிற்று. முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார், அந்த அறையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. நானே அடைச்சேனே பாய், சேலையக் கிழிச்சு நானே அடைச்சேனே என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை மார்போடு இறுக்கினார். நீங்கள் இல்லை, நான்தான் என்று அவரும் நானும் கொஞ்சநேரம் பழியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். எத்தனை மூடி என்று கேட்டார். பதினான்கு, உங்களுடையது போகப் பதின்மூன்று என்றேன். நீங்கள் போனால் குழாயைத்தான் காட்டுவார்கள், மூடியைத் தரமாட்டார்கள், நான் வாரேன் என்றார். தீட்டு இருக்கிறதே, யார் வீட்டுக்குள்ளும் போக முடியாதே என்றேன்.

"உள்ள எதுக்குப் போகணும்? தெருவுல நின்னு கூப்பிட எனக்குத் தொண்டை இருக்கு" என்றார்.

இரண்டு நாளில் பதின்மூன்றும் வந்துவிட்டன. நான் ஒருபுறம், அவர் ஒருபுறம், வீட்டுக்குள் போக முடியாத இரண்டு பேர் நடுத்தெருவில் நின்றுகொண்டு வீடு வீடாகக் கூப்பிட்டது மதுரையில் புதுக் காட்சிதான். கரி மிச்சமாகிறதே என்று இழுத்தவர்களிடம் அக்கா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மூடி இல்லாமல் கரி அதிகம் ஆகும்தான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எரித்தால் சூடும் கொஞ்சம் வீணாகும்தான். அந்த வீண் செலவைத்தான் இத்தனை வருஷமாக நான் எல்லா வீட்டிலும் செய்யச் சொல்லிவந்தேன். நீங்களும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு வீட்டில் எதையாவது மூடுவதற்கு முன்னால், அது எதற்காகத் திறந்திருந்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். முறுக்குக் கிடைக்காது, பரவாயில்லை.

முதல் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்தத் துணி வியாபாரி வீட்டுக்குத்தான் முதலில் போனோம். அக்கா தெருவில் நின்று அவருடைய மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வாசலுக்கு வந்ததும், சுற்றி வளைக்காமல் சொன்னார். குழாய் என்று நான் சொன்னது தப்பு, மூடிதான், நானே என் மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிக் கொல்லப் பார்த்தேன், நீ அதைச் செய்யாதே என்றார். நாலு பேர் போகிற தெருவில் அதைச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பெண் உள்ளே போனாள். கரி போட அடுக்களைச் சுவரில் விட்டிருந்த சின்னத் துவாரம் வழியாகக் கையை விட்டு எடுத்து, அவள் முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்த மூடியை நான் வாங்கினேன். கையைச் சுட்டது.

"யாரு உள்ள?" என்றார் அக்கா.

மாமனார் குளிக்கப் போனார், கூப்பிட்டேன், சத்தம் இல்லை என்று அவள் சொல்லும்போதே நானும் வாசலைத் தாண்டிவிட்டேன், அக்காவும் தாண்டிவிட்டார். குளிக்கிற அறைக் கதவை இருவரும் சேர்ந்து முட்டியதில் தாழ்ப்பாள் பிய்ந்தது. பெரியவர் மணையில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தார், செம்பு உருண்டு கிடந்தது. ஆளுக்கொரு கைத்தாங்கலாக இழுத்துவந்து வாசல்படியில் காற்றாட உட்கார வைத்தோம். ஈரத்துண்டோடு கொஞ்சநேரம் தலை தொங்கிக் கிடந்தார். பிறகு ஒரு நீளமான மூச்சு வந்தது, பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்து பார்த்தார். தான் நடுத்தெருவுக்கு நேராகத் துண்டோடு உட்கார்ந்திருப்பதும், தீட்டுக்காரி ஒருத்தியும் பாய் ஒருவனும் தன்னைத் தொட்டுக்கொண்டு நிற்பதும் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஆரம்பித்தார். எங்கள் இரண்டு பேரையும், எங்களைப் பெற்றவர்களையும், எங்கள் தெருக்களையும் விடாமல் திட்டினார். சிவகாமி அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பெரியவர் மூச்சு வாங்கித் திட்டி முடிக்கும்வரை நாங்கள் அங்கிருந்து நகரவே இல்லை.